நாற்பதடிப் பாறைக்கு வீட்டுச் சம்மதம்

நான் ஆயுள் காப்பீட்டு முகவர். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மதுரைத் திருநகரில் நான் ஸ்கூட்டரை நிறுத்தினால் டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். மறுமுனையில் யாரும் இருக்க மாட்டார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலை கடைசி வரை காலியாகத்தான் இருக்கும். சொந்தச் சித்தப்பாவே என்னைக் கண்டதும் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார். இருபது வருடமாக இப்படியே போனால், நம்மைப் பார்த்து நகர்ந்து போகாத ஏதாவது ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றத்தானே செய்யும்? பாறை நகராது.

அந்தப் பாறை சோழவந்தான் போகிற வழியில், வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டி ஒரு மண்பாதையில் உள்ளே போனால் வருகிற தனியார் காட்டுக்குள் இருக்கிறது. காடு என்றால் தானாக முளைத்ததல்ல. தேக்கும் மகோகனியும் மலைவேம்பும் வரிசை பிடித்து நட்டு, வெட்டி விற்பதற்காக வளர்ப்பது. முதலாளி வெளிநாட்டில் இருக்கிறார். காட்டுக்கு நடுவே எதையும் நட முடியாத ஒரு கல் குன்று. முதலாளிக்கு அது வீணாய்ப் போன இடம். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையே அதுதான்.

எங்களுக்கு என்றால், எனக்கும், பழைய நகரத்தில் மெத்தைக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பிக்கும். தம்பி என்று நான் கூப்பிடுகிறேனே தவிர, அவன் இரண்டு பிள்ளைகளுக்கு அத்தா. பாலிசி போடச் சொல்லி அவன் கடைக்குப் போனேன். அவன் ஓடவில்லை. பதிலுக்கு எனக்கு ஒரு மெத்தையை விற்கப் பார்த்தான். ஒரு மணி நேரம் இருவரும் முட்டி மோதி இருவருமே தோற்றோம். கிளம்பும்போதுதான் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தேன். அதில் அவன் ஒரு பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். பெங்களூரில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டானாம். அடுத்த ஞாயிறே என்னைக் கூட்டிப் போனான்.

முறை எளிது. குன்றின் பின்பக்கம் சரிவாக இருக்கும். அந்த வழியாக அவன் நடந்து உச்சிக்குப் போய், அசையாத இரண்டு கற்களில் வளையங்களைக் கட்டி, அதில் கயிற்றைக் கோத்து இரண்டு முனையையும் கீழே போடுவான். ஒரு முனை என் இடுப்புப் பட்டியில். இன்னொரு முனை, கீழே நிற்கும் அவன் இடுப்பில் ஒரு பிடிப்பான் வழியாக ஓடும். நான் ஏற ஏற அவன் கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பான். கை நழுவினால் விழ மாட்டேன், தொங்குவேன். அவ்வளவுதான். தரைக்குப் பக்கத்தில் சறுக்கினால் என்ன செய்வது என்று அவன் கடையிலேயே ஒரு தடித்த ஃபோம் மெத்தையும் தைத்து வைத்திருந்தான். அதை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போவோம். வழியில் நான்கு பேராவது நிறுத்தி விலை கேட்பார்கள்.

பாறை நாற்பதடி. முப்பதடியில் வெளியே பிதுங்கி நிற்கும். அதற்குத் தொப்பை என்று பெயர் வைத்திருந்தோம். நான்கு வருடமாக அந்தத் தொப்பையை என்னால் தாண்ட முடியவில்லை.

வீட்டில் அம்மாவிடம் கிரிவலம் போவதாகச் சொல்லியிருந்தேன். பொய்தான். ஆனால் ஒரு பொய் சொன்னால் அது தன் பாட்டுக்கு வளரும். நான் ஞாயிறு தவறாமல் மலையைச் சுற்றுவதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டாள். கை வியர்க்காமல் இருக்க நாங்கள் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடி ஒன்று உண்டு. ஒரு நாள் என் பையில் அதைப் பார்த்துவிட்டு, "இந்த வாரம் விபூதி நல்லா நைசா இருக்கே" என்று நெற்றி நிறையப் பூசிக்கொண்டாள். பக்கத்து வீட்டு அம்மாளுக்கும் ஒரு பொட்டலம் போனது. அவர் அதைக் குழைத்து முழங்காலில் தடவியதில் வலி குறைந்துவிட்டதாம். அதற்குப் பிறகு வாராவாரம் பொட்டலம் கேட்டு வாசலில் நிற்பார்.

ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்றால், பயம். அப்பா இல்லை. அம்மாவுக்கு நான் ஒருத்தி, எனக்கு அம்மா ஒருத்தி. நாற்பத்தோரு வயதில் கயிற்றில் தொங்கப் போகிறேன் என்று அவளிடம் எந்த வாயால் சொல்வது?

இப்படி நான்கு வருடம் ஓடியது. காட்டு வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும் சிரிப்பார், முள்படலை விலக்குவார். ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தால் முள்படல் இருந்த இடத்தில் இரும்புக் கேட். பூட்டு. அத்துமீறி நுழைபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று போர்டு. கேட்டுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர், மரங்களுக்கு நம்பர் போடும் பெயிண்ட் டப்பாவோடு நின்றார். புது மேனேஜர். என் ஸ்கூட்டரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்தார்.

"பாலிசியா? ஏற்கெனவே மூணு இருக்கு தாயி. நாலாவது தாங்காது."

"பாலிசி இல்லண்ணே. பாறை ஏற வந்தோம்."

"எந்தப் பாறை?"

"உள்ள இருக்குல்ல, அது."

"அதுக்கு மேல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"பெறகு எதுக்கு ஏறணும்?"

இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை. உடம்புக்கு நல்லது என்றான் தம்பி. மேனேஜர் கேட்டுக்கு அந்தப் பக்கமே நடந்து வந்து மெத்தையைப் பார்த்தார்.

"ஏறிட்டு அங்கனயே படுத்துருவீகளோ?"

"இல்லண்ணே, விழுந்தா அடிபடாம இருக்க."

"விழுவீகளா?"

கெட்டது காரியம். தம்பி நாக்கைக் கடித்துக்கொண்டான். விழுந்து ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் முதலாளிக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, மேனேஜர் பெயிண்ட் டப்பாவோடு உள்ளே போய்விட்டார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தச் சிக்கலையும் காகிதத்தில் தீர்த்துவிடலாம் என்று நம்புவேன். தொழில் புத்தி. அந்த வாரமே பத்திரத்தாள் வாங்கி, எட்டு ஷரத்துகளோடு ஓர் உறுதிமொழி எழுதினேன். மேற்படி பாறையில் நாங்கள் சுயநினைவோடும் சொந்த விருப்பத்தோடும் ஏறுகிறோம். எங்கள் உடலுக்கோ உயிருக்கோ எது நேரிட்டாலும் மேற்படி தோப்பின் உரிமையாளரோ மேலாளரோ எவ்விதத்திலும் பொறுப்பாக மாட்டார்கள். எங்கள் வாரிசுகளும் பின்னிட்டு எந்தக் கோரிக்கையும் எழுப்ப மாட்டார்கள். ஊசிமுனை அளவுக்குக்கூட ஓட்டை கிடையாது. அதைக் கொண்டுபோய்க் கேட் கம்பி வழியாக நீட்டியபோது மேனேஜர் சந்தோஷப்படுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். முகம் கறுத்திருந்தது.

"என்னையப் பாத்தா ஒங்களுக்கு எப்பிடித் தெரியுது தாயி?"

"ஏண்ணே?"

"என் தோப்புல ஒரு பொம்பளப்புள்ள விழுந்து கெடக்கும். நான் இந்தத் தாள ஆட்டிக்கிட்டு, எனக்குப் பொறுப்பு இல்ல, எழுதி வாங்கிட்டேன்னு நிக்கணும். அம்புட்டுக் கேவலமான ஆளாவா தெரியுறேன்?"

"சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தாண்ணே."

"வாசலுக்கு வந்த ஆளுக்குத் தண்ணி குடுக்கமே, அது சம்பிரதாயம். இது என்ன சம்பிரதாயம்?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. "அப்ப பொறுப்ப ஏத்துக்கிட்டு உள்ள விடுங்க" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவர் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"சரி. ஏத்துக்கிறேன். முதலாளிக்கு நான் பேசிக்கிறேன். ஆனா வீட்டுலருந்து ஒரு ஆளு வரணும். ஆசுபத்திரியில ஆப்பரேசனுக்கு வீட்டு ஆளக் கேக்குறாகல்ல, அந்த மாதிரி. நேர்ல வந்து, என் முன்னாடி சம்மதம்னு சொல்லணும். தாளு வேணாம். ஆளு வேணும்."

"எனக்கு நாப்பத்தோரு வயசுண்ணே!"

"எனக்கு அம்பத்தஞ்சு. போன வருசம் கண்ணு ஆப்பரேசனுக்கு எங்க வீட்டம்மாதான் சம்மதம் சொன்னா. எனக்கு ஒண்ணும் மானம் போகல."

அடுத்த ஞாயிறு தம்பி தன் மனைவியைக் கூட்டி வந்தான். அந்த மெத்தைக்கு உறை தைத்ததே அவள்தான். சம்மதமா என்று மேனேஜர் கேட்டார். "ஞாயித்துக்கெழமை இவரு வீட்ல இருந்தா எனக்குத்தாண்ணே ஆபத்து. தாராளமா ஏறட்டும்" என்றாள். அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. கேட் அவனுக்குத் திறந்தது, எனக்குத் திறக்கவில்லை. ஆனால் கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் அவனும் ஏற முடியாது. உள்ளே போய்ப் பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். "அம்மாகிட்டச் சொல்லிருங்கக்கா" என்றான். சொல்கிறேன் என்றேன்.

சொல்லவில்லை. மூன்று ஞாயிறுகள் உண்மையிலேயே கிரிவலம் போனேன். வேறு எங்கே போவது? பாறை ஏறியபோது வராத கால்வலியெல்லாம் அப்போதுதான் வந்தது. போதாததற்கு மூன்றாவது வாரம் அம்மாவின் சிநேகிதி ஒருத்தி பக்கத்தில் வந்து, "நாலு வருசமா வாரேன்னு அம்மா சொல்றாளே, நான் வாராவாரம் வர்றேன், உன்னைப் பாத்ததே இல்லையேடி?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் வேகமாக நடப்பேன் என்று சொல்லி, நொண்டிக்கொண்டே அவளைத் தாண்டிப் போனேன்.

நான்காம் ஞாயிறு, தோப்பு வைத்திருக்கும் பெரிய மனிதர் ஒருவரைப் பார்க்கப் போகிறேன், நீயும் வந்தால் மரியாதையாக இருக்கும் என்று அம்மாவிடம் இன்னொரு பொய் சொன்னேன். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல சுங்குடிச் சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு, புளியோதரை கிண்டித் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். வழியில் சொல்லிவிடுவது என்பது என் திட்டம். பழங்காநத்தம் சிக்னலில் வாயைத் திறந்தேன், பச்சை விழுந்துவிட்டது. அப்புறம் ரயில்வே கேட்டில் சொல்லலாம் என்று நினைத்தேன், அன்றைக்கென்று அது திறந்தே கிடந்தது. கொடிக்கால் வந்தது. மண்பாதை வந்தது. அறுபத்தெட்டு வயது அம்மாவை ஏமாற்றிக் கூட்டி வந்த வெட்கத்தோடு கேட் முன்னால் வண்டியை நிறுத்தினேன்.

தம்பி முன்பே வந்து பாறையில் கயிற்றைக் கட்டி வைத்துவிட்டு நின்றான். மேனேஜர் மரத்தடியில் நாற்காலி போட்டு வைத்திருந்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அம்மா குடித்து முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"ஒங்க மக பாறை ஏறுறதுல ஒங்களுக்குச் சம்மதந்தானேம்மா?"

அம்மா சிரித்த முகத்தோடு, "எந்தப் பாறை?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது.

நாங்கள் சௌராஷ்டிரர்கள். வீட்டில் பேசுவது எங்கள் பாஷை. வெளியாட்களை வைத்துக்கொண்டு சண்டை போட அதைவிட வசதி வேறில்லை. அம்மா உடனே அதற்கு மாறினாள். எத்தனை நாளாக என்று கேட்டாள். நான்கு வருடம் என்றேன். அப்படியானால் கிரிவலம்? இல்லை என்றேன். விபூதி? சொன்னேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியின் முழங்கால் எப்படிச் சரியானது என்று கேட்டாள். அது எனக்கும் தெரியாது என்றேன்.

தப்பு முழுக்க என்னுடையதாக இருக்கும்போது எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வரும். இந்தத் திமிர் பிடித்த ஆளால் வந்தது, நாற்பத்தோரு வயதுக்காரியைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அம்மாவைக் கூட்டி வரச் சொல்கிறான், இவனுக்கு மண்டையில் இருப்பது மூளையா மகோகனிக் கட்டையா என்றெல்லாம் எங்கள் பாஷையில் பொரிந்து தள்ளினேன். மேனேஜர் தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். "உன் அப்பா போனப்போ, நீ இருக்கேன்னு பார்த்துத்தான் எந்திரிச்சேன். நீ விழுந்துட்டா நான் யாரைப் பார்த்து எந்திரிப்பேன்?" என்றாள். எட்டு ஷரத்து எழுதியவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் திருப்பிக்கொண்டு நின்றேன்.

அப்போது மேனேஜர் தொண்டையைச் செருமினார். "நானும் இதைத்தாம்மா மொதல்ல கேட்டேன்" என்றார். சொன்னது எங்கள் பாஷையில். உச்சரிப்பு கொஞ்சம் இழுத்தது, மற்றபடி ஒரு பிழையில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினோம். மதுரையில் எங்கள் ஆட்களின் சாயப்பட்டறை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவராம். என்னைப் பார்த்துத் தமிழுக்கு மாறி, "மகோகனிக் கட்டை வரைக்கும் வெளங்குச்சு தாயி. அது நல்ல மரந்தான்" என்றார். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அம்மாவோ என்னை அப்படியே மறந்துவிட்டாள். எந்தப் பட்டறை, எந்தத் தெரு, அவர்கள் மூத்த மகளை எங்கே கொடுத்திருக்கிறார்கள் என்று ஆரம்பித்து, ஐந்தே நிமிடத்தில் அவரை எங்கள் சொந்தக்காரர் ஆக்கிவிட்டாள். தூக்குவாளி திறந்தது. புளியோதரை கை மாறியது. கடைசியில், "நீங்களே சொல்லுங்கண்ணே, இவள விடலாமா?" என்றாள்.

"நானும் பாத்ததில்லம்மா. ஒரு தடவ ஏறட்டும். நம்ம ரெண்டு பேரும் கண்ணால பாப்போம். வேணாம்னு ஒங்களுக்குத் தோணுச்சுன்னா, சத்தியமா இந்தக் கேட்டு இனி இவுகளுக்குத் தொறக்காது."

ஆக, நான்கு வருடத்து ஞாயிறுகளும் இனி வரப்போகிற ஞாயிறுகளும் ஒரே ஏற்றத்தில் வந்து நின்றன. நான் இடுப்புப் பட்டியை மாட்டினேன். சுடிதாருக்கு மேல் இது என்ன கோமணம் என்றாள் அம்மா. கயிறு எவ்வளவு எடை தாங்கும் என்று தம்பியிடம் விசாரித்தாள். ஒரு காரையே தூக்கும்மா என்றான். "இவளத் தாங்குமா?" என்றாள்.

ஏறினேன். எத்தனையோ தடவை ஏறிய முப்பதடிதான். ஆனாலும் ஒவ்வொரு பிடியையும் இரண்டு தடவை தொட்டுப் பார்த்தேன். பாறையைக் கண்டு வந்த பயமல்ல, கீழே இருப்பவளைக் கண்டு வந்த பயம். "போதும், எறங்கு" என்று நடுவில் குரல் வந்தது. காதில் விழாத மாதிரி போனேன். தொப்பைக்கு அடியில் போய் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். வழக்கமான இடத்தில் பிடி கிடைக்கவில்லை. அப்போது அம்மாவின் குரல் மறுபடி வந்தது. "எடது கைப் பக்கம் ஒரு பள்ளம் தெரியுது பாரு!"

நான்கு வருடமாக நான் பார்க்காத பள்ளம். ஒரு வேளை கீழிருந்துதான் தெரியுமோ என்று அம்மா சொன்னதை நம்பி எட்டிப் பிடித்தேன். அது நிழல்.

விழுந்தேன். இரண்டடிதான். கயிறு இறுகியது, தொங்கினேன். தம்பி சரியாகப் பிடித்திருந்தான். எல்லாம் முறைப்படி. "எறக்கு தம்பி" என்று மேலிருந்து சொன்னேன். அவன் இறக்கவில்லை. "முடியலக்கா. பின்னால பாருங்க" என்றான்.

பார்த்தேன். அவன் கையைத் தாண்டிப் போன மிச்சக் கயிறு, தரையோடு நீண்டு தேக்கு மர வரிசைக்குள் போயிருந்தது. அதன் முடிவில், முப்பதடி தள்ளி, அம்மா நின்றிருந்தாள். கயிற்று முனை சுங்குடிச் சேலைக்கு மேல் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. என் கால் தரையை விட்டதுமே, யாரையும் கேட்காமல் அதை எடுத்துக் கட்டிக்கொண்டாளாம். நான் ஏறி ஏறி, தம்பி இழுக்க இழுக்க, கயிறு தொய்யாமல் ஒவ்வோர் எட்டாகப் பின்னால் போயிருக்கிறாள். மேனேஜர் பக்கத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"கயித்த விட்டாத்தாம்மா ஒங்க மக எறங்கும்."

"விட மாட்டேன்."

"அந்தத் தம்பி பிடிச்சிருக்காரும்மா."

"பிடிக்கட்டும். நான் விட மாட்டேன்."

தம்பியும் சொல்லிப் பார்த்தான். நான் மேலே தொங்கியபடியே எங்கள் பாஷையில் சொல்லிப் பார்த்தேன். சேலை கட்டிய நாற்பத்தைந்து கிலோ அசைந்து கொடுக்கவில்லை. நான் காற்றில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கடைசியில் மேனேஜருக்குத்தான் வழி தோன்றியது. "அவுக்க வேணாம்மா. அப்பிடியே கட்டினபடிக்கு முன்னால நடந்து வாங்க. நீங்க வர வர மக எறங்கும்."

அம்மா யோசித்தாள். ஓர் எட்டு வைத்தாள். நான் ஓரடி இறங்கினேன். நின்று, நான் இருக்கிறேனா என்று அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த எட்டு வைத்தாள். சருகு மிதிபடும் சத்தத்தைத் தவிர அந்தக் காட்டில் வேறு சத்தமில்லை. இப்படி நின்று நின்று அந்த முப்பதடியும் நடந்து வந்தாள். என் கால் மண்ணைத் தொட்டபோது அவள் என் எதிரே ஒரு கை தூரத்தில் நின்றாள். கன்னமெல்லாம் ஈரம். எனக்கும்தான்.

மேனேஜர் பக்கத்தில் வந்து கேட்டார். "சம்மதமாம்மா?"

"சம்மதமெல்லாம் இல்லண்ணே" என்றாள் அம்மா. "ஆனா இவ வந்தா நானும் வருவேன். நான் வராத அன்னைக்குக் கேட்டத் தொறக்காதீங்க."

மேனேஜர் தலையாட்டினார். நான் குனிந்து அம்மாவின் இடுப்பு முடிச்சை அவிழ்க்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"மொதல்ல உன்னோடத அவுரு."